கடைசியாகத் தொட்ட கை

கழற்றிப் பூட்டிய இயந்திரம் கோளாறு செய்தால், கடைசியாக அதைத் தொட்ட கையின் மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. பட்டறைக்காரர் செய்த வேலையென்றால் சண்டை போடலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சொந்தக் கையால் செய்த வேலையில் அந்த வசதி கிடையாது. வாதியும் பிரதிவாதியும் நீதிபதியும் ஒருவரே. 2006-ஆம் ஆண்டு கோவையில் என் தாய்மாமா அப்படியொரு வழக்கைத் தனக்கெதிராகத் தானே நடத்தினார். கூடமாட எடுபிடியாக இருந்ததால் அந்த விசாரணையை முழுதாகப் பார்க்க வாய்த்தது.

மாமா நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, 1997 மாடல் மாருதி 800 ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருந்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வண்டி. அந்த ஏப்ரலில் குன்னூரில் ஒரு திருமணம். மாமாவின் மகன்தான் ஓட்டிப்போனான். கல்லாறு தாண்டி மலையேறத் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மேலே போயிருக்கிறது. ரேடியேட்டர் குழாயில் கசிவு. முகூர்த்த நேரம் நெருங்கியதால் நிறுத்தாமல் ஓட்டி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பிய பிறகே ஓரங்கட்டியிருக்கிறான். இதை அத்தை சொல்லித்தான் அறிந்தேன். ஊர் திரும்பியபோது ஹெட் கேஸ்கெட் போயிருந்தது.

அதை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவது என்று மாமா முடிவு செய்தார். மூன்று நாள் வேலை. முதல் சாவியிலேயே வண்டி கிளம்பியது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் உபாதைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. நின்ற இடத்தில் ஓடும்போது என்ஜின் சுதி ஏறி இறங்கியது. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் சில நிமிடங்கள் ஒரு சிலிண்டர் தடுமாறியது. வெள்ளைப் புகை வந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது.

"அப்பாவுக்கு வயசாயிருச்சு. நல்ல விலைக்குக் கேட்டா வண்டியைக் குடுத்துரலாம்" என்று மகன் அத்தையிடம் சொன்னது மாமாவின் காதில் விழுந்தது. அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போட்டார்: குறை, காரணம், செய்த வேலை. ஆலையில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதிப் பழகிய பத்திகள் அவை.

ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என்ஜினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடு அது. எரியும் வாயு, குளிர்விக்கும் தண்ணீர், மசகெண்ணெய் ஆகிய மூன்றும் அந்த ஒரே தளத்தின் வழியாக, விரற்கடை தூரத்தில், ஒன்றையொன்று சந்திக்காமல் போய்வர வேண்டும். பல கார்களில் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் இந்த இரண்டு உலோகங்களின் பிணக்கைத் தாங்கிக்கொண்டு கிடப்பதுதான் அந்தத் தகட்டின் வாழ்க்கை. அளவுக்கு மீறிச் சூடேறினால் தகடு கருகுவதோடு போகாது, தலையே வளைந்துவிடலாம்.

பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போல்ட்டுகளை இன்னொரு சுற்று முறுக்கிவிடச் சொன்னார். மாமா மறுத்துவிட்டார். "இப்ப முறுக்கினா, நான் மொதல்ல எப்படி முறுக்குனேன்னு அப்புறம் தெரியாமப் போயிரும் மாப்ளே" என்றார் என்னிடம். தன் மேல் சந்தேகம் இருக்கும்போது தடயத்தை அழிக்காமல் வைத்திருப்பது எளிதான காரியமல்ல என்று பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது.

வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவானதற்கு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. இதுதான் அவர் முறை. டைமிங் பெல்ட்டின் குறிகள் நேராக இருந்தன. ஒரு பல்கூடத் தள்ளவில்லை. அடுத்து, என்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்த்தார். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டியிருந்த மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைத் தொட்டதும் சுதி மாறியது. அது முனையில் பாதிதான் ஏறியிருந்தது. முழுதாகத் தள்ளியதும் ஏறி இறங்குவது நின்றது. நோட்டில் 'காரணம்' என்ற பத்தியில் "நான் சரியாக மாட்டவில்லை" என்று எழுதினார். எழுதும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. கண்டுபிடித்துவிட்டதன் திருப்திதான் தெரிந்தது.

புகையும் தண்ணீரும் மிச்சமிருந்தன. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பினால் உள்ளே குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்பதற்கு அது அடையாளம். மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றியபோது இரண்டு கபில நிறத்தில் இருக்க, மூன்றாவது மட்டும் கழுவி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் இறங்கும் சிலிண்டரை ஆவி அப்படிச் சுத்தம் செய்துவிடும். இரவல் வாங்கிய கம்ப்ரெஷன் கேஜில் முதல் சிலிண்டர் 12 காட்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் 8-ஐத் தாண்டவில்லை. அந்த இரண்டிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் சந்தை அடைத்து அழுத்தம் ஏறும். ஏறவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவில் சோர்ந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நூலில், பக்க மூடியின் ஒரே ஒரு திருகு கழல மறுத்து வண்டி முழுவதையும் பயனற்றதாக்கும் நிலைமையைப் பற்றிப் பேசுவார். அப்படி முட்டி நிற்கும் கணத்தில் மனிதனிடமிருந்து முதலில் வெளியேறுவது ஊக்கம்தான் என்பது அவர் வாதம். மாமா அந்த நூலைப் படித்தவரில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டாம் முறையாகத் தலையைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்த அன்று அவர் வேலையைத் தொடவில்லை. குளித்துவிட்டு, சாயங்காலம் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

மறுநாள் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். பூட்டும்போது இதற்கு நேரெதிராக நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். தலை வெளியே வந்ததும் கேஸ்கெட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது மூன்றாவது வட்டங்களுக்கு நடுவே கரிய கோடு ஒன்று ஓடியிருந்தது. மற்ற இடமெல்லாம் ஒரே சீராக அழுந்திய தடம். முறுக்கியதில் பிசகில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு நேர்விளிம்புச் சட்டத்தைத் தலையின் முகத்தில் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்தார். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழையக்கூடாது. நடுவில் 0.15 தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

தலை வளைந்திருந்தது. கேஸ்கெட்டை மாற்றியதால் தலை வளையாது. அது குன்னூர் மலையில், முள் மேலே நின்றபோதே நடந்து முடிந்த விஷயம். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். "மொதத் தடவையே ஸ்கேல் வெச்சுப் பாத்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

தலை லேத் பட்டறைக்குப் போய் முகம் சமமாக்கப்பட்டுத் திரும்பியது. போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயை ஒற்றி எடுத்து, புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்டினார். புகை இல்லை, குமிழி இல்லை. அன்றிரவு மகன் கேட்டான்: "என்னங்கப்பா கோளாறு?" மாமா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "ரெண்டு. ஒரு குழாயை நான் சரியா மாட்டலை. ஹெட்டு வளைஞ்சிருந்தத நான் பாக்கலை." ஏன் வளைந்தது என்று மகன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, லேத் பட்டறைக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டு, உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். விற்பதைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. வண்டி 2011 வரை அந்த வீட்டில் ஓடியது.

தான் செய்த பிழையையும் தனக்கு முன்பே நேர்ந்துவிட்ட சேதத்தையும் பிரித்துப் பார்ப்பதுதான் கோளாறு கண்டறிதலின் சாரம் என்று நினைக்கிறேன். எல்லாப் பழியையும் தன் மேல் போட்டுக்கொள்பவராலும் பழி முழுவதையும் பிறர் மேல் தள்ளுபவராலும் இயந்திரத்தைச் சரிசெய்ய முடிவதில்லை. மாமா கண்டறிந்ததில் தன் பங்கை மிச்சமின்றி வாய்விட்டுச் சொன்னார். மற்றதை அளந்து, சரிசெய்து, பேசாமல் விட்டார். அந்த நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. தலை வளைந்ததற்கு நேராக, 'காரணம்' என்ற பத்தியில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது: சூடு.