பருவும் பழியும்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

காய்ச்சல் வந்தவனைக் கண்டால் "ஐயோ பாவம்" என்கிறது உலகம். முகத்தில் பரு வந்தவளைக் கண்டால் மட்டும், "முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லையா?" என்று கேட்கிறது! இந்தக் கேள்விக்கு ஆளாகாதவர்கள் நம் வகுப்புகளில் எத்தனை பேர் இருப்பார்கள்? என் முகமும் விதிவிலக்கன்று. ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் பட்டது அக்காவின் முகம்தான்.

எங்கள் அப்பத்தாவைக் கேட்டால் காரணத்தைக் கையோடு வைத்திருப்பார்: எண்ணெய்ப் பலகாரம். அதிரசமும் சீயமும் நாக்கு தின்ன, தண்டனை முகத்துக்காம். உண்மையில் வாணலி எண்ணெய் கன்னத்துக்கு வருவதில்லை. கன்னத்தில் மினுங்குவது, மயிர்க்காலோடு ஒட்டிய சுரப்பி தானே உண்டாக்கும் சீபம் என்னும் கொழுப்பு. பருவ வயதில் ஆண்ட்ரஜன் என்னும் ஹார்மோன் (பெண்களுக்கும் அது உண்டு) அச்சுரப்பியைத் தூண்டிவிடுகிறது. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு மயிர்க்காலின் வாயை அடைக்கின்றன. உள்ளே காற்றில்லாத இடத்தை விரும்பும் பாக்டீரியா பெருகுகிறது; உடல் அதை எதிர்த்துப் போரிட, சிவந்து வீங்கிச் சீழ் கட்டுகிறது. கரும்புள்ளியின் கறுப்பும் தூசியன்று, நம் தோலின் மெலனினே. ஆகவே நாளைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. தோல் எரிவதுதான் மிச்சம்.

அப்பத்தாவின் கட்சி அறிவியல் மன்றத்திலும் விசாரிக்கப்பட்டதுண்டு. 1969-இல் அமெரிக்காவில் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் ஆகிய மூவர் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பருவுக்கு அது காரணமன்று எனத் தீர்ப்பளித்தனர். அந்த 65 பேரில் 35 பேர் சிறைக்கைதிகள் என்பது எனக்கு உறுத்துகிறது. ஒப்பிடக் கொடுத்த மற்றொரு மிட்டாயிலும் ஏறத்தாழ அதே சர்க்கரையும் கொழுப்பும் இருந்தனவே என்று பின்னாளில் பிறர் குறை கூறினர். இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவும், பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்பது இன்றைய கருத்து. அப்படியானால் அதிரசத்தில் எண்ணெயைவிட வெல்லமே குற்றவாளி போலும்! தலையில் தடவும் எண்ணெய்ப் பூச்சு நெற்றியோரம் பருவைக் கிளப்புவதையும் அதே மூவர் 1970-இல் எழுதினர். அப்பத்தாவுக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்வோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. அடுத்தது அப்படியன்று.

அக்காவைப் பெண் பார்க்க வரும் பேச்சு எழுந்ததும், உறவினர் ஒருவர் மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு டியூப் வாங்கி வந்தார். சீட்டு எதுவும் இல்லை. பத்தே நாளில் பரு அமுங்கி முகம் வெளுத்தது; வீடே மகிழ்ந்தது. மூன்றாம் மாதம் வெயில் பட்டால் நெருப்பாய் எரிந்தது. கன்னத்தில் செந்நிற நரம்புகள் தெரிந்தன, பூனைமுடி முளைத்தது. நிறுத்திய நான்காம் நாள் முன்னிலும் அதிகமாகப் பரு வெடித்தது. பயந்துபோய் மறுபடியும் பூசினாள். எங்கள் வீட்டில் பொடி எழுத்து ஆங்கிலம் படிக்க நான் ஒருத்திதான். அட்டையைப் படித்தேன்: மொமெட்டசோன். அது ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் முதலில் அழகாகத் தோன்றும். நாள்பட்டால் தோலை மெலிவிக்கும், தானே பருவையும் உண்டாக்கும். இத்தகைய களிம்புகளைச் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆயினும் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்ததே! தோழியரே, உங்கள் கைப்பையில் உள்ள டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதேனும் பெயர் உண்டா பாருங்கள். இருந்தால் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அக்காவைச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். களிம்பை நிறுத்தி, சில வாரம் மென்மையான சோப்பும், ஈரம் காக்கும் பூச்சும், வெயிலுக்குக் குடையும் மட்டும்தான் என்றார் மருத்துவர். தோல் ஆறிய பிறகே இரவில் பட்டாணி அளவு அடாப்பலீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. பெராக்சைடு என்றதும் எனக்கு ஆய்வகம் நினைவுக்கு வந்தது. அது சிதைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. காற்றை வெறுக்கும் பாக்டீரியா அதைத் தாங்குமா? கூடவே அக்காவின் நீலத் துண்டையும் திட்டுத் திட்டாய் வெளுத்துவிட்டது! பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும், இடையில் கிள்ளக் கூடாது, கல்யாணமாகிக் கரு தரித்தால் அடாப்பலீனை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்போது நான்காம் மாதம். சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. நெற்றியில் நான்கைந்து பருக்கள் மீதி. பெண் பார்க்க வருகிறவர்களைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேண்டாம்பா, இப்பவே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.