‘வந்தது’ என்கிற கட்டம்

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சை கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பந்தல்களிலிருந்து பன்னீர் திராட்சை வந்து இறங்கும். யார் எத்தனை பெட்டி போட்டார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், எவ்வளவு நிற்கிறது என்று நாள் முழுக்க எழுதுவதுதான் என் வேலை. அந்தக் கைப்பழக்கத்தில் வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். மாதம், வரவேண்டியது, வந்தது, பாக்கி என்று நான்கு கட்டம்.

என் மகளுக்கு மாதம் 4,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி அவள் அப்பாவுக்குக் கோர்ட் உத்தரவு இருக்கிறது. முதல் மூன்று மாதம் வந்தது. நீல மையில் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே பதினாலு வரிகளில் ‘வந்தது’ என்கிற கட்டத்தில் வெறும் கோடுதான். பாக்கி 56,000.

உத்தரவு கைக்கு வந்துவிட்டால் பணமும் வந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். பத்தாவது மாதம் பாக்கியானபோது வக்கீல் குமாஸ்தா சத்தம் போட்டார். “ஏம்மா, நோட்டுல எழுதி வச்சிருந்தா ஆச்சா? ஒரு வருஷம் தாண்டிட்டா பழைய மாசத்துக்கு வாரண்ட் கேக்க முடியாது. மனுவா வரணும்மா.” அப்போதுதான் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144. எண் மாறியதே தவிர, பணம் சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும் என்பது மாறவில்லை. காலத்துக்குள் மனுப் போட்டுவிட்டால், அது நிலுவையில் இருக்கும்போது சேருகிற பாக்கியையும் அதோடு கேட்கலாம் என்று 2013-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் படித்த இரவு நன்றாகத் தூங்கினேன். நோட்டில் கீழே இறங்கிக்கொண்டே போகும் வரிகள் வீணாகப் போகாது என்று ஒரு தெம்பு.

மனுப் போட்ட பிறகு நடப்பதெல்லாம் வாய்தாதான். சம்மன் ஒருமுறை “ஆள் இல்லை” என்று திரும்பியது. அவர் மேலே, மலைக்கு அந்தப் பக்கம், ஒரு ஏலத்தோட்டத்தில் இருக்கிறார். கம்பம்மெட்டு ஏறி இறங்கினால் கேரளா. என் அம்மா விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி அதே மலைக்குத்தான் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். அம்பத்தெட்டு வயதில் தினமும் அவள் போய்த் திரும்புகிற தூரத்தைக் கடக்க அந்தத் தாளுக்கு மூன்று மாதம் ஆனது.

வாய்தா அன்று எனக்குச் சம்பளம் கிடையாது. வராந்தாவில் நிற்பேன். டவாலி பேர் கூப்பிட்டதும் உள்ளே போக வேண்டும். எதிர்த்தரப்பில் அவகாசம் கேட்பார்கள், தேதி விழும். ஒருமுறை வாய்தாவுக்கு முந்தின நாள் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டு, “கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்” என்று சொல்லவைத்தார். அந்த 2,000-த்தை எந்த மாதத்து வரியில் எழுதுவதென்று தெரியாமல் நோட்டின் பின் அட்டையில் எழுதிவைத்தேன்.

இந்த ஐப்பசியில் பாப்பாவுக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை, மருந்து, மூன்று நாள் படுக்கை எல்லாம் சேர்ந்து 2,600 ரூபாய். பலசரக்குக் கடையில் பற்று ஏற்கெனவே ஏறியிருந்தது. மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். வாரத் தவணை, வட்டியோடு. அந்த வாரம் கணக்கெழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகள் தன் அப்பாவுக்கு 56,000 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறாள். வட்டி இல்லை, தவணை இல்லை, கேட்டு நெருக்க ஆளும் இல்லை. அந்தக் கடனைக் கொடுப்பதற்காக நான் வெளியில் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கமிஷன் கடையில் எந்த விவசாயியும் இப்படி ஒரு கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவருடைய சம்பளத்தைப் பிடித்தம் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரசாங்க வேலை என்றால் செய்யலாம். எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் பணம் கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. திராட்சைக்கூலி, ஏலக்கூலி, ஜீப் வாடகை எதற்கும் சம்பளச் சீட்டு கிடையாது. இரண்டு தரப்பும் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் கட்டாயமாக்கியது. நான் பற்று நோட்டு வரைக்கும் காட்டிவிட்டேன். அவருடைய பத்திரத்தில் ‘கூலி’ என்று ஒரே சொல்.

மிச்சமிருப்பது சிறை. பாக்கி வைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி கழியாது என்று 1988-லேயே தீர்ப்பு இருக்கிறது. வக்கீல் இதைக் கேட்கலாமா என்றபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. பள்ளி டைரியில் அப்பா பெயர் எழுதுகிற இடத்தில் பாப்பா அடிக்கோடிட்டு, எழுத்தை முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். அந்தப் பெயர் போலீஸ் ஜீப்பில் ஏறினால் அவளுக்கு நான் என்ன சொல்ல? உள்ளே இருக்கிறவர் எதைச் சம்பாதித்து எதைக் கொடுப்பார்? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கேட்கச் சொன்னேன். பயமில்லாத இடத்தில் அவர் ஒரு ரூபாயும் எடுப்பதில்லை என்பதற்கு அந்தப் பின் அட்டை 2,000-மே சாட்சி.

என் அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எங்க காலத்துல கோர்ட்டுக்குப் போனாலும் ஐநூறுதானாமே” என்றாள். அது உண்மை. மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு 2001-ல்தான் எடுக்கப்பட்டது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். ‘கூடியவரை’ என்று ஒரு சொல்லையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பிள்ளைகளின் எத்தனை வருஷம் போயிருக்கும் என்று வராந்தாவில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஜெர்மனியில் 1980-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிரிந்துபோன தகப்பன் கொடுக்காவிட்டால் அரசு முன்பணமாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலிக்கிறது. இதை நம்மால் முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளையின் வயிறு யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று 1982-ல் சத்துணவு போட்ட மாநிலம் இது. 2022-ல் காலை உணவும் வந்தது. என் மகள் பள்ளியில் சாப்பிடும் அந்தப் பொங்கலும் உப்புமாவும்தான் இந்தப் பதினாலு மாதத்தில் ஒருநாளும் வாய்தா வாங்காதவை. அந்தக் கை இன்னும் கொஞ்சம் நீளலாம். வசூல் செய்ய அரசுக்கு ஆள் உண்டு, அலுவலகம் உண்டு. எனக்கு இருப்பது ஒரு நோட்டு.

வராந்தாவில் புதிதாக வரும் பெண்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்று. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று திரும்பிப் போகாதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. வட்ட சட்டப் பணிகள் குழுவில் எழுதிக் கொடுக்கலாம், 15100-க்குப் போன் செய்யலாம். கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் போன வாய்தாவில் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த வாய்தா கார்த்திகையில். நேற்று ராத்திரி நோட்டை எடுத்தபோது பக்கம் தீர்ந்திருந்தது. பாப்பா ஸ்கேலும் பென்சிலும் எடுத்துவந்து, அடுத்த பக்கத்தில் நான்கு கட்டம் போட்டுத் தந்தாள். அதற்கடுத்த பக்கத்தையும் புரட்டி, “இதுலயும் போடவாம்மா?” என்றாள்.

“இப்போதைக்கு ஒரு பக்கம் போதும்” என்றேன்.