படத்தில் இல்லாத முதுகு

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குள் காலை வைத்ததும், அந்தக் காலத்தில், தையல் மிஷின் சத்தம்தான் முதலில் காதில் விழும். ஒன்றிரண்டு மிஷின் இல்லை, வரிசை வரிசையாக. அந்தத் தடதடப்பு கல்கூரையில் மோதித் திரும்பி வந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக்கூடக் கேட்க விடாது. மிஷின் எண்ணெய் வாசம், புதுத்துணியின் கஞ்சி வாசம், இருட்டான மூலைகளிலிருந்து வௌவால் நெடி. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் உள்ளே தரை ஜில்லென்று இருக்கும். திருமலை நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கட்டியதே வசந்த விழாவுக்காகத்தான். சுற்றிலும் தண்ணீர் நிறுத்தி, கோடையில் சுவாமியும் அம்மனும் குளிர்ச்சியாக வந்து அமர்வதற்கு. 124 தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே, பாத்திரக்கடைக்கும் வளையல் கடைக்கும் புத்தகக் கடைக்கும் போக மிச்சம் கிடைத்த இடங்களில், எங்கள் ஊர் டெய்லர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் இன்றைக்குத் துணிக்கு டிசைன் வரைந்து பிழைக்கிறவள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி பதில்தான். மீதிப் பாதி, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்தரையில் நின்றபோது கிடைத்தது.

1985-ல் ‘பூவே பூச்சூடவா’ வந்தது. அதற்குப் பிறகு ஊரில் எதை எடுத்தாலும் நதியா. நதியா கம்மல், நதியா வளையல், நதியா பொட்டு. ஃபேன்சி கடைக்காரர்கள் பழைய சரக்குக்குக்கூட அந்தப் பெயரைச் சூட்டி விற்றுத் தீர்த்தார்கள். சித்தி அப்போது டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். கம்மலும் வளையலும் வாங்கியாயிற்று. அடுத்து ஜாக்கெட். ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு புதுமண்டபத்துக்குப் போனாள்.

“பாய், நதியா போட்டுக்கிட்டு வருமே, கை தோள்பட்டையில உப்பலா நிக்குமே, அந்த மாதிரி தைக்கணும்.”

“எந்தப் பாட்டுலம்மா?”

சித்தி பாட்டைச் சொன்னாள். அவர் கண்ணை மூடி யோசித்தார். பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. மதுரையில் வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் டெய்லர்கள் பார்த்துவிட வேண்டும். திங்கட்கிழமை வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. “கை சரிம்மா. பின்னாடி கழுத்து எப்படி இருந்துச்சு?”

சித்திக்குத் தெரியவில்லை. “அது திரும்பவே இல்ல பாய்.”

இந்தப் பேச்சை நான் அதற்கப்புறம் பல பெண்கள் வாயிலாகப் பல தரம் கேட்டிருக்கிறேன். சினிமாவில் பார்த்தது இரண்டு நிமிஷம். நிறுத்திப் பார்க்க வழியில்லை. ‘பேசும் படம்’ பத்திரிகையிலோ ‘பொம்மை’யிலோ வந்த படத்தைக் கத்தரித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அதிலும் முன்பக்கம்தான் இருக்கும். சுஜாதா கதைகளுக்கு ஜெயராஜ் வரைந்த பெண்களைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கோட்டோவியத்தில் தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஓவியங்களில் கை ஒரே வளைவாக விழும். அதை நிஜத் துணியில், நிஜத் தோளில், கையைத் தூக்கினால் கிழியாதபடி கொண்டுவருவது டெய்லரின் வேலை. முதுகு முழுக்க முழுக்க அவர் இஷ்டம்.

அன்று பாய் செய்ததை அப்படியே சொல்கிறேன். பழைய தினத்தந்தித் தாள் ஒன்றை விரித்தார். சித்தி கொண்டுவந்திருந்த அளவு ஜாக்கெட்டின் கையை அதன்மேல் வைத்து, நீலச் சாக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டார். பிறகு அந்தக் கோட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி இன்னொரு கோடு, இது மலைபோல வளைந்து ஏறி இறங்கியது. கத்தரித்தார். வளைவின் உச்சியில் தாளைச் சின்னச் சின்னதாகச் சுருக்கிக் குண்டூசி குத்தி, சித்தியின் தோளுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். தாள் விறைப்பாக நின்றது. “தாள் நிக்கும், துணி தொங்கிரும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சட்டைக் காலருக்கு வைக்கிற கேன்வாஸில் ஒரு கீற்றை வெட்டி எடுத்து, இதை உள்ளே கொடுத்தால் நிற்கும் என்றார். பின்கழுத்துக்குப் பானை வடிவம் வைத்து, கீழே முடிச்சுப் போட இரண்டு கயிறு. நுனியில் தொங்குவதற்குத் துணியிலேயே குஞ்சம் செய்தார். சித்தி அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது எல்லாரும் நதியா ஜாக்கெட் என்றார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டக்கா அதைக் கடன் வாங்கிப்போய் வேறொரு டெய்லரிடம் காட்டித் தைத்துக்கொண்டாள். அவர் குஞ்சத்தை எடுத்துவிட்டு மணி கோத்தார்.

பல வருஷம் கழித்து அந்தப் படத்தை டிவியில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். சித்தி சொன்ன கை அதில் என் கண்ணில் படவே இல்லை. இரண்டு மூன்று நடிகைகளும் ஒரு வாரப் பத்திரிகை அட்டையும் அவள் நினைவில் கலந்து ஒரு கை முளைத்திருக்க வேண்டும். எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அந்த ஜாக்கெட் எதன் நகலும் இல்லை. சித்தியின் ஆசையும் பாயின் கேன்வாஸ் துண்டும் சேர்ந்து புதுமண்டபத்தில் பிறந்தது அது. சினிமா அதற்குப் பெயரை மட்டும்தான் கொடுத்தது. பார்த்ததற்கும் தைத்ததற்கும் நடுவே ஒரு மறதி கிடந்தது. அந்த மறதிக்குள்தான் மனிதர்கள் தங்கள் கைவேலையை வைத்தார்கள்.

அங்கே வெள்ளைக்காரர்களும் வருவார்கள். கோயில் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், தங்களுக்குப் பிடித்த ஒரு சட்டையையோ கால்சட்டையையோ கொடுத்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். சுற்றுலாக்காரர்கள் மத்தியில் புதுமண்டபத்துக்கு இதற்கென்றே பெயர் இருந்தது. சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். நான் கவனித்தது வேறு. அந்த வெளிநாட்டுச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்து அனுப்பிய பிறகும் அவை மண்டபத்தை விட்டுப் போகவில்லை. ஒரு பாக்கெட்டின் மடிப்பு, ஒரு காலரின் முனை என்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர் பையன்களின் தீபாவளிச் சட்டையில் தலைகாட்டும். எங்கிருந்தோ வந்த ஒருவரின் பழைய சட்டை மேலமாசி வீதியில் நடமாடும். அந்த டெய்லர்களின் ஞாபகசக்தியை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

காஜா எடுத்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருந்த நேரங்களில்தான் நான் சிலைகளைப் பார்த்தேன். ராவணன் கயிலையைத் தூக்குகிற தூண், மீனாட்சி கல்யாணம், கரும்பு தின்னும் கல்யானை. எல்லாவற்றையும்விட என்னை இழுத்தது நாயக்க மன்னர்களும் அவர்கள் ராணிகளும் நிற்கும் வரிசை. ராணி ஒருத்தியின் தொடையில் வெட்டு இருக்கிறது என்று காட்டுவார்கள். தஞ்சாவூர்க்காரியாம், எங்கள் அப்பா அரண்மனை இதைவிடப் பெரிது என்று சொல்லப்போக, ராஜா கத்தியை வீசிவிட்டாராம். கதையைவிட அவள் இடுப்புச் சேலையின் கொசுவம் எனக்கு முக்கியமாகப் பட்டது. கல்லில் துணி விழுவதை அப்படிச் செதுக்க வேண்டுமென்றால் செதுக்கியவன் மணிக்கணக்காகத் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ராணியின் தோளுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து யாரோ ரூபியா ஜாக்கெட் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மடிப்பும் அன்று காலையில் கிழித்த துணியின் மடிப்பும் பக்கம் பக்கமாக. எந்த மியூசியத்திலும் எனக்கு இப்படி ஒரு பாடம் கிடைத்ததில்லை. நான் முதல்முதலாக வரைந்து பார்த்தது அந்தக் கல்கொசுவத்தைத்தான், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

சித்திரை பிறந்தால் மண்டபத்தின் நிறமே மாறும். ஜாக்கெட்டும் சட்டையும் ஓரமாகப் போய்விடும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு வேஷம் கட்டுகிறவர்களுக்காகச் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் துணிகள் குவியும். ஜரிகையும் ஜிகினாவும் ஓரம் கட்டி, உருமாவும் கச்சையும் தைப்பார்கள். தைத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையாக அழகர் வேஷத்தின் அளவு அவர்கள் கையில்தான் இருந்தது. மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இந்தக் காலத்தில் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. அழகருக்கே அந்த வருஷம் என்ன நிறப் பட்டு என்பது ஊருக்குப் பெரிய செய்தி. பெட்டிக்குள் கைவிட்டுக் கையில் வந்ததை எடுத்து உடுத்துவார்கள். பச்சை வந்தால் மழை பெய்து செழிப்பாக இருக்கும் என்று வைகைக் கரையில் ஒரு சந்தோஷக் கூச்சல் கிளம்பும். ஒரு பட்டின் நிறத்துக்காக லட்சக்கணக்கான பேர் விடியவிடியக் காத்து நிற்கிற ஊரில் வளர்ந்தேன். நிறம் முக்கியம் என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அதே மணலில் சுங்குடிச் சேலைகளைக் காயப் போட்டிருப்பார்கள். சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்தெடுத்த சேலைகள். 2005-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் முடிச்சுப் போட்ட புள்ளி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அச்சடித்த சுங்குடியில் எல்லாப் புள்ளியும் ஒன்றே. என் கண் இன்னமும் முதலாவதைத்தான் தேடுகிறது.

தங்கம் தியேட்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தியேட்டர், 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று ஊர் மார்தட்டிக்கொள்ளும். அந்த மாதிரித் தியேட்டர்களின் வாசலில் கையால் வரைந்த பேனர் நிற்கும். பேனர்க்காரர்கள் சின்ன ஸ்டில் ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதே கட்டங்களைப் பெரிய துணியில் போட்டு, கரியால் உருவத்தை ஏற்றி, அப்புறம் வண்ணம் கொடுப்பார்கள். கதாநாயகி முகத்தில் ரோஸும் ஊதாவும், தாடைக்குக் கீழே பச்சை நிழல். கிட்டே நின்றால் வெறும் தீற்றல். சாலைக்கு அந்தப் பக்கம் போனால் ஆள் சிரிப்பாள். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் இந்த வேலையிலிருந்துதான் வந்தார் என்பதைப் பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஸ்டில் கறுப்பு வெள்ளையாக இருந்தால் சேலைக்கு என்ன நிறம் என்பதைப் பேனர்க்காரர் முடிவு செய்வார். பேனரில் பார்த்த கிளிப்பச்சையை நம்பித் துணி எடுத்துவிட்டு, படத்துக்குள் போனால் அது மாம்பழ மஞ்சளாக இருக்கும். யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. பச்சைதான் நன்றாக இருக்கிறது என்று பச்சையிலேயே தைத்துக்கொண்டார்கள்.

ஃப்ளெக்ஸ் வந்து பேனர் வேலை போயிற்று. தங்கம் மூடிக் கிடந்து, இடிபட்டு, அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை எழும்பிவிட்டது. புதுமண்டபத்துக் கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சிலைகளில் ஆணியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக்கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த ராணிக்கு அவள் தோள் திரும்பக் கிடைக்க வேண்டும்தான். ஆனால் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் எடுத்த புதுமண்டபப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், தூணும் சிலையுமாக மட்டும் நிற்கும் அந்த மண்டபம் எனக்கு அந்நியமாகத் தெரிகிறது. நான் அறிந்த மண்டபத்தை யாராவது இப்படிப் பொறுமையாக, தூண் தூணாக, டெய்லர் டெய்லராகப் படம் எடுத்து வைத்திருக்கலாகாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது. சிற்பிகளின் பெயரைத்தான் விட்டுவிட்டோம். டெய்லர்களின் பெயரையாவது எழுதி வைத்திருக்கலாம்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, தங்கம் இருந்த இடத்தில் இருக்கும் அந்த ஜவுளிக்கடைக்குச் சித்தியோடு போனேன். சித்திக்கு அறுபது ஆகிவிட்டது. மாடி மாடியாக ஏறி, ரெடிமேட் ஜாக்கெட் பகுதியில் ஒன்றை எடுத்தாள். கை உப்பலாக இருந்தது. அந்த மோஸ்தர் திரும்ப வந்திருக்கிறது. உடனே அதை உள்பக்கம் புரட்டி, தையல் ஓரத்தை விரல் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். விற்பனைப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

“சைஸ் என்ன பார்க்கணும்க்கா?”

“சைஸ் கெடக்கட்டும் பாப்பா. உள்ள துணியே விடலையே. நாளைக்கி உடம்பு வச்சா எதப் பிரிக்கிறது?”

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. சித்தி ஜாக்கெட்டைத் திரும்ப ஹேங்கரில் மாட்டிவிட்டு, கீழ்த்தளத்துக்கு இறங்கி, நாவல்பழ நிறத்தில் ஒரு மீட்டர் ரூபியா கிழிக்கச் சொன்னாள். அளவு ஜாக்கெட் அவள் பையில் தயாராக இருந்தது. குன்னத்தூர் சத்திரத்துக்கு நடந்தே போகலாம், ஆட்டோ வேண்டாம் என்றாள்.