ஒரு மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து ஆவடி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் ஒரு பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கும். "அவசரம்னா சொல்லும்மா, ஃபிளைட் பிடிச்சு ஒரு மணி நேரத்துல வந்துடுறேன்" என்று போனில் சொல்லும். அம்மாவுக்கு அது ஒரு தைரியம். அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே.

சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர்தான். விமானத்தின் வேகமோ மணிக்கு 800 கிலோமீட்டர். அப்படியானால் இருபது நிமிடத்தில் வந்துவிட வேண்டும். ஆனால் மேலே ஏறவும் கீழே இறங்கவுமே பெரும்பாலான நேரம் போய்விடும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மணி ஆகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் இதைப்போல் பத்து மடங்கு தூரம். நேரம் நான்கு மடங்கு சொச்சம்தான்!

மீதிக் கதை தரையில் நடக்கிறது. 2008 மே மாதம் வரை பெங்களூரு விமான நிலையம் ஊருக்குள்ளேயே, எச்.ஏ.எல். வளாகத்தில் இருந்தது. பிறகு தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. நகரின் மையத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர ஒன்றரை மணி, சோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, மீனம்பாக்கத்தில் வெளியே வர அரை மணி, அங்கிருந்து ஆவடிக்கு மதுரவாயல் நெரிசலைத் தாண்டி ஒரு மணி. கூட்டினால் ஐந்தரை மணி நேரம். அதுவும் உடனே விமானம் கிடைத்தால்!

ரயில் பாதை 362 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தொடங்கிய மைசூரு வந்தே பாரத் அதை சுமார் நாலரை மணியில் கடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் வருகிறது, நிற்பதில்லை. வீட்டைத் தாண்டி சென்ட்ரல் வரை போய், மறுபடி மின்சார ரயிலில் திரும்ப வேண்டும். அதுவும் ஐந்தரை மணிக்கு வந்து நிற்கிறது. இரவு பஸ் என்றால் ஆறேழு மணி. ஆனால் பூந்தமல்லியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

ஆக, எதில் வந்தாலும் அரை நாள். நெஞ்சுவலி என்று அப்பா உட்கார்ந்துவிட்டால் அந்த அரை நாள் காத்திருக்காது. முதல் ஒரு மணி நேரத்துக்கு 108 ஆம்புலன்சும், எதிர்வீட்டுக்காரரும், தெருமுனை ஆட்டோக்காரரும்தான் பிள்ளைகள். பெங்களூருப் பிள்ளை அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த எதிர்வீட்டு நம்பரை வாங்கித் தன் போனில் போட்டுக்கொண்டு, தன் நம்பரையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.