சுவரை நகர்த்தும் முன்…

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் எங்கள் வீடு. மூத்தவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஒன்று எங்களிடம் இருக்கிறது. 2011-ல் ஆரம்பித்த திட்டம் அது. அவள் கல்யாணமாகிப் போன பிறகு அதைச் சின்னவள்தான் ஆள்கிறாள்.

ஒருநாள், "அம்மா, சி டிரைவில் இடமே இல்லை, சிவப்புக் கோடு காட்டுது. டி-யில் முக்கால்வாசி காலி!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் படித்தது பத்தாவதுதான். "ஏண்டி, பெட்டி ஒண்ணுதானே? அங்கேயிருந்து எடுத்துக்கோயேன்" என்றேன்.

விளக்கினாள். உள்ளே இருப்பது ஒரே ஹார்டு டிஸ்க், 500 ஜி.பி. அதை இரண்டு அறையாகத் தடுத்திருக்கிறார்கள். சி, அடுக்களை மாதிரி. விண்டோஸ் அங்கேதான் இருக்கிறது. டி, சாமான் அறை. டி-யைச் சுருக்கினால் மிஞ்சும் இடம் அதன் கடைசிக் கோடியில் போய் விழுமாம். அடுக்களையை விரிக்க வேண்டுமானால் காலி இடம் அதை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ஆகவே டி-யையே சாமானோடு அந்தப் பக்கம் நகர்த்தணும். அதற்கு ஜி-பார்ட்டட் என்று இலவச மென்பொருள் உண்டாம்.

"நகர்த்தும்போது கரண்ட் போனால்?" என்றேன். பதில் இல்லை. பேட்டரி செத்து வருஷம் ஒன்றாகிறது.

டி-யில் என்ன இருந்தது தெரியுமா? காலமாகிவிட்ட என் மாமியார், சாமை குத்திக்கொண்டே பேத்திகளுக்குக் கதை சொன்ன குரல்! வேறு பிரதி கிடையாது.

"குதிரில் சாமையை வைத்துக்கொண்டே யாராவது இடம் மாற்றுவாங்களா? முதல்லே எல்லாத்தையும் பென் டிரைவில் ஏற்று. ஏறியதைத் திறந்து கேட்டுப் பார். அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தாள்.

ராத்திரி வேலை ஆரம்பமானது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; காற்று, மழை, இருட்டு! கரண்ட் வந்ததும் பார்த்தால் டி திறக்கவேயில்லை. பெண் அழுதேவிட்டாள். பென் டிரைவைச் செருகச் சொன்னேன். அத்தையின் குரல் கணீரென்று வந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் அவளே சொன்னாள்: "அம்மா, சாமான்தான் வெளியே பத்திரமா இருக்கே, நகர்த்துவானேன்?" டி-யை அழித்தாள். காலி இடம் சி-யை ஒட்டியே கிடைத்தது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யை விரித்து, மிச்சத்தில் புது டி போட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினாள். இந்த வேலைக்கு நகர்த்தலே தேவைப்படவில்லை!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் சுவரை இடிக்கப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். "பிரதி எடுத்தாயா? திறந்து பார்த்தாயா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் பென் டிரைவ் இப்போது டிரங்குப் பெட்டியில், என் கல்யாணப் புடவை மடிப்பில் இருக்கிறது. இன்னொரு பிரதி மூத்தவள் வீட்டில்!