அறுபது விநாடி மௌனம்

சாதாரண இணையப் பக்கம் நம் அலுவலகக் கவுண்டர் மாதிரி. கேட்டால் பதில் கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்திவிடும். வெப்சாக்கெட் அப்படியில்லை. "இந்த ஜன்னல் திறந்தே இருக்கட்டுமா?" என்று முதல் மனுவிலேயே 'அப்கிரேட்' என்றொரு குறிப்புச் சேர்த்து அனுப்பும். சர்வர் 101 என்று பதில் சொன்னால், அதன்பின் இரண்டு பக்கமும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நண்பருக்கு இப்போது காது அறவே கேட்பதில்லை. அவருக்கும் எனக்கும் மட்டும் என் பேரன் ஒரு பக்கம் செய்து கொடுத்தான். நான் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பது அவர் வீட்டுத் திரையில் உடனே விழும். வாட்ஸ்அப்பில் நடுவில் புகுந்து மறுக்க முடியாது. பேச்சென்றால் குறுக்கீடு வேண்டாமா?

அவன் மடிக்கணினியில் ஓடியது, வாடகை சர்வரில் ஏற்றியதும் 404 என்றது. எக்ஸ்பிரஸில் எழுதிய நிரலை இரண்டு இரவு துருவினான். "மனு வந்து சேர்ந்ததாடா? எந்த ரூபத்தில் சேர்ந்தது?" என்றேன். குமாஸ்தா புத்தி! பதிவேட்டைப் பார்த்தால், குறிப்பில்லாத வெறும் மனுவாகத்தான் வந்திருக்கிறது.

நடுவில் என்ஜின்எக்ஸ் என்று ஒரு மென்பொருள், தபால் பிரிவு மாதிரி. 'அப்கிரேட்' குறிப்பு ஒரு கைமாற்றுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்பது விதி. தனியாக உத்தரவு போடாவிட்டால் நடுவர் அதை மேலே அனுப்பமாட்டார். கோப்பில் குத்திய துண்டுச் சீட்டு தபால் பிரிவிலேயே விழுந்துபோவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! எச்டிடிபி 1.1, 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' என்று மூன்று வரி சேர்த்தான். 101 வந்தது.

அடுத்த தொல்லைதான் வேடிக்கை. பேச்சு பாதியில் அறுந்துபோகும். பேரன் சோதித்தால் அறாது. காரணம், அவன் மடமடவென்று அடிக்கிறான். நண்பரோ ஒரு கேள்விக்கு நாலு நிமிடம் யோசிப்பார். சர்வரிலிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடுவது என்ஜின்எக்ஸின் வழக்கமான அமைப்பு. இளைஞர்களின் சோதனையில் இவ்வளவு நீண்ட மௌனம் ஏது?

வரம்பை ஒரு மணி நேரமாக்கலாம் என்றான். அப்படிச் செய்தால், நிஜமாகவே அறுந்த இணைப்பும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஆகவே சர்வர் 30 விநாடிக்கொரு முறை 'பிங்' அனுப்புகிறது. உலாவி தானாகவே 'பாங்' என்கிறது. பதில் வராவிட்டால் சர்வரே இணைப்பை மூடிவிடும்.

நண்பர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்திருக்கிறான். அது எரிந்துகொண்டு, எழுத்து ஒன்றும் வராவிட்டால், அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.