முங்கினால் மறுநாள் மலையேறக் கூடாது

ஏலக்காட்டுப் பெண்கள் சுற்றுலா போகிறார்கள் என்றால் பலருக்கும் வேளாங்கண்ணியும் பழனியும்தான் நினைவுக்கு வரும். நேர்த்திக்கடன் ஏதுமின்றி, சும்மா கடல் பார்க்கவும் கடலுக்குள் முங்கவும் போகிறோம் என்று நாங்கள் சொன்னபோது போடியில் நண்பர்களே சிரித்தார்கள். "கூலி உயர்வுக்கே போராட்டம், இதில் ஸ்கூபா டைவிங்கா தோழர்?" என்று ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது.

நாங்கள் பன்னிரண்டு பேர். போடிநாயக்கனூர் அருகே காலனிப் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் நான்கு பேர், அங்கே படித்துக் கல்லூரிக்குப் போன மூன்று பேர், அவர்களின் அம்மா, சித்தி, அத்தை என ஏலத்தோட்டத் தொழிலாளிகள் ஐந்து பேர். போகும் இடம் ராமேஸ்வரம் தீவு, அதன் முனையில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, போடி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை சென்ற சாலைக்கு ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். இந்த ஐவரும் விடியலில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப்போவது அதே சாலையில்தான். அதன் மறுமுனையை அவர்களில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

போக்குவரத்து எளிதாக முடிந்தது. அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில் 2023 ஜூனில் திரும்ப வந்துவிட்டது. மதுரையில் மாறினால் ராமேஸ்வரம். தேதி குறிப்பதில்தான் சிக்கிக்கொண்டோம். ஜூன் மழைக்குப் பிறகு காயெடுப்பு தொடங்கினால் தை, மாசி வரை வேலை இருக்கும். அப்போது கையில் காசு உண்டு, லீவு கிடையாது. பங்குனி, சித்திரையில் லீவு உண்டு, காசு கிடையாது. கடல் அடங்கித் தெளிந்திருப்பதும் ஏறத்தாழ இந்தக் காசில்லாத மாதங்களில்தான். அதனால் ஏப்ரல் கடைசி என்று முடிவு செய்து, இப்போதிருந்தே வாரச் சீட்டு போடுகிறோம்.

அடுத்து வந்தது முக்குளிப்பவர்களின் விதி. தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் உடலில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரமான இடத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாவைப்போல ரத்தத்திலும் மூட்டிலும் குமிழிகள் உண்டாகலாம். ஒரு முறை முங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை முங்கியவர் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏறலாம். 600 மீட்டருக்கு மேல் மலையேறவும் இதே கணக்கைத்தான் வைக்கிறார்கள். போடிமெட்டு ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஞாயிறு மாலை முங்கிவிட்டு இரவோடு இரவாகத் திரும்பி, திங்கள் விடியலில் ஜீப் ஏறுவது ஆபத்தோடு விளையாடுவது. முழுதாக ஒரு நாள் இடைவெளி விடுவது என்று தீர்மானித்தோம். போகிற சனிக்கிழமையையும் சேர்த்தால் இரண்டு நாள் கூலி போகும்.

"கடலுக்குப் போனேன், உடம்பு ஆறணும்னு லீவு கேட்டா, கங்காணி நாளைக்கும் வராதேன்னுருவாரு தம்பி" என்றார் அத்தை ஒருவர்.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே 20 நாள் வேலைக்கு ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்றது. பின்னாளில் ஏலத்தோட்டங்களும் அதில் சேர்ந்தன. அதற்கும் முன்பே, அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1945 தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைக் கொண்டுவந்தது. ஆனால் இந்த ஐவரும் ஜீப்பில் போய்வரும் தினக்கூலிகள். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் எந்த இருபது நாளைக் காட்டி விடுப்பு கேட்பார்?

மருத்துவப் படிவமும் எங்களை நிறுத்தியது. மூச்சிரைப்பு உண்டா என்ற கேள்விக்கு இரண்டு பேர் ஆம் என்றார்கள். இருவரும் பல வருடம் மருந்தடித்த காட்டில் காயெடுத்தவர்கள். இரைப்புக்கு என்ன காரணம் என்று இதுவரை எந்த மருத்துவரும் சோதித்துச் சொன்னதில்லை. அவர்கள் முங்க மாட்டார்கள், கரையில் இருப்பார்கள். கடலுக்கு முன் அவர்களை நெஞ்சு சோதனைக்கு அழைத்துப் போகிறோம். மற்ற பத்துப் பேரில் நீச்சல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஊர்க் கிணற்றில் இறங்க முடியாத தலைமுறையின் பிள்ளைகளுக்கு யார் நீச்சல் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? மகாத் குளத்தில் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தண்ணீர் அள்ளியதை வகுப்பில் நடத்துகிறோம். தண்ணீரில் இறங்கி விளையாடுவதும் அந்த உரிமையில் சேர்த்திதானே?

அங்கே நாங்கள் முதலில் சந்திக்க விரும்புவது பாசி எடுக்கும் பெண்களை. பட்டியல் சாதியான கடையர் சமூகத்துப் பெண்களும் அவர்களில் இருக்கிறார்கள். சிலிண்டர் கிடையாது. காலில் தகடு, விரலில் துணிச்சுற்று, கண்ணில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா 1986இல் தேசியப் பூங்காவானது. தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது குற்றமாகிவிட, அவர்கள் பிழைப்பு ஒளிந்து செய்யும் வேலையானது. நாங்கள் பணம் கட்டி அரை மணி நேரம் பார்க்கப்போகும் கடல் அவர்களுக்கு வேலைத்தளம். செல்பி எடுக்க அவர்களிடம் போகக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். அவர்கள் நேரம் தந்தால், காயெடுக்கும் விரலும் பாசி பறிக்கும் விரலும் ஒரு பொழுது உட்கார்ந்து பேசட்டும்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறோம். உங்கள் அமைப்பு எங்காவது சுற்றுலா போனால், செலவுக் கணக்கில் ரயில், சாப்பாடு, அறை ஆகியவற்றுக்குக் கீழே 'இழக்கும் கூலி' என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கணக்கில் மிகப் பெரிய தொகைகளில் ஒன்று அதுதான்: ஐந்து பேர், இரண்டு நாள். அதைச் சீட்டிலிருந்து கொடுக்கிறோம். இந்த முறை அது எங்கள் பொறுப்பு. அதைத் தோட்டக்காரர் பொறுப்பாக்க, ஐவரும் வேலைக்குப் போன நாட்களைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். இருபது நாள் சேர்ந்ததும் முதல் விடுப்பைக் கேட்கப் போகிறோம்.